ஐந்து படம், ஒரு கூடம்: எல்லோரும் சேர்ந்து பார்க்க எதைப் போடலாம்?

"வீட்டுல எல்லாரும் இருக்கோம், ஒரு நல்ல படம் சொல்லேன்." லீவு நாள் வந்தால் போனில் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. நல்ல படம் சொல்வது சுலபம். கூடத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் சொல்லும்போதுதான் வம்பு. தனியாகப் பார்த்து உருகிய படத்தை மாமியார், மச்சான், ஆறாம் வகுப்புப் பெண், ஊரிலிருந்து வந்த பெரியப்பா எல்லோரையும் வைத்துக்கொண்டு போட்டால் அது வேறு படமாகிவிடும்.

நான் விமர்சகன் இல்லை. சாப்பிட்டபின் படம் போட்டால் பாதியில் கண்ணயர்கிற ஜாதி. ஆனால் படம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்க்கிற பழக்கம் உண்டு. அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன். அண்மையில் நான் பார்த்ததில், அடிக்கடி பேர் அடிபடுகிற ஐந்து தமிழ்ப் படங்களை எடுத்துக்கொள்கிறேன்: மெய்யழகன், மகாராஜா, லப்பர் பந்து, வாழை, டூரிஸ்ட் ஃபேமிலி. ஐந்துமே தியேட்டரில் நல்ல பேர் வாங்கியவை. எது சிறந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் எதைப் போடுவது என்பது மட்டும்தான் கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, ஆட்கள். பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே நேரத்தில் ஏதாவது கிடைக்கிறதா?

இரண்டாவது, எழுந்து போய் வந்தால் கதை புரியுமா என்பது. நம் வீட்டுக் கூடத்தில் இரண்டரை மணி நேரம் யாரும் அசையாமல் உட்காருவதில்லை. குக்கர் விசில் அடிக்கும், கூரியர்காரர் வருவார், யாருக்காவது துபாயிலிருந்து போன் வரும். இதையெல்லாம் தாங்குகிற படமும் உண்டு, தாங்காத படமும் உண்டு.

மூன்றாவது, சங்கடம். திரையில் ஒரு காட்சி வரும்போது எல்லோரும் திடீரென்று சுவரைப் பார்ப்பது, யாரோ ஒருவர் "தண்ணி வேணுமா?" என்று எழுவது. தணிக்கைச் சான்றிதழை மட்டும் நம்பி இதைத் தவிர்க்க முடியாது. யு/ஏ என்பது வெகுகாலம் ஒரே பெட்டியாக இருந்தது. 2024-இல் வந்த புதிய விதிகளில்தான் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். அதற்கு முன் சான்றிதழ் வாங்கிய படத்தில் வெறும் யு/ஏ என்று போட்டிருந்தால், அது ஏழு வயசுக்கா பதினாறு வயசுக்கா என்று நீங்களேதான் விசாரிக்க வேண்டும்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம்: படம் முடிந்தபின் கூடத்தில் என்ன பேச்சு கிளம்பும்? படத்தின் உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. சந்தா பணமெல்லாம் அதற்கு அப்புறம்.

சந்தா பற்றியும் ஒரு வார்த்தை. இவற்றில் இரண்டு நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தவை, மூன்று ஹாட்ஸ்டாருக்கு வந்தவை (இப்போது ஜியோ ஹாட்ஸ்டார்). பிள்ளைகள் போனில் வைத்திருக்கிற மலிவான மொபைல் திட்டம் டிவியில் ஓடாது. எல்லோரும் வந்து உட்கார்ந்து, மிக்சர் தட்டும் வந்தபின்தான் இது தெரியவரும். உரிமம் கைமாறுவதும் உண்டு என்பதால், மத்தியானமே டிவியில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

| படம் | நேரம் (சுமார்) | நடுவில் எழுந்து போகலாமா | சின்னப் பிள்ளைகள் | முடிந்தபின் கூடத்தில் | வந்த தளம் |
|---|---|---|---|---|---|
| மெய்யழகன் | 2 மணி 40 நிமிடம் (குறைத்த வடிவம்) | போகலாம், பேச்சுதான் விட்டுப்போகும் | தூங்கிவிடுவார்கள் | பழைய உறவு, பழைய சொத்து | நெட்ஃபிளிக்ஸ் |
| மகாராஜா | 2 மணி 20 நிமிடம் | கூடவே கூடாது | வேண்டாம் | கனத்த மௌனம், பிறகு "அது எப்படி?" | நெட்ஃபிளிக்ஸ் |
| லப்பர் பந்து | கிட்டத்தட்ட இரண்டரை மணி | தாராளமாக | பார்க்கலாம் | சிரிப்பு, கிரிக்கெட், கொஞ்சம் சாதி | ஹாட்ஸ்டார் |
| வாழை | இரண்டேகால் மணி | முதல் பாதியில் மட்டும் | பத்துக்குக் கீழே வேண்டாம் | யாரும் பேசமாட்டார்கள் | ஹாட்ஸ்டார் |
| டூரிஸ்ட் ஃபேமிலி | இரண்டு மணிக்குச் சற்று மேல் | போகலாம் | பார்க்கலாம் | கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி | ஹாட்ஸ்டார் |

## மெய்யழகன்

ச. பிரேம்குமார் இயக்கி 2024 செப்டம்பரில் வந்தது. 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பம். அந்த வீட்டுப் பையன் இருபத்திரண்டு வருஷம் கழித்து, தங்கை முறையாகும் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். தலையைக் காட்டிவிட்டு ராத்திரியே திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறவனை "அத்தான், அத்தான்" என்று ஓர் உறவுக்காரர் விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறார். அவர் பேர் இவனுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். கதை இவ்வளவுதான். அரவிந்த்சாமியும் கார்த்தியும் அந்தக் கூச்சத்தையே வைத்துப் படத்தை நகர்த்திவிடுகிறார்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது நேரே நெஞ்சில் இறங்குகிற படம். கல்யாண மேடையில், அண்ணன் கொண்டுவந்த நகைகளை மணப்பெண் அங்கேயே பிரித்து, அவர் கையாலேயே அணிந்துகொள்கிற காட்சி ஒன்று வரும். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் அத்தை ரிமோட்டைக் கேட்டு வாங்கிப் படத்தை நிறுத்தினார். தன் கல்யாணத்துக்கு வராமல்போன பெரியப்பா மகன் யார், ஏன் வரவில்லை, வராதவர் பிற்பாடு யார் கல்யாணத்துக்கெல்லாம் போனார் என்று வரிசையாகச் சொன்னார். மாமா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதிப் படம் மறுநாள்தான் ஓடியது.

மறைமுகச் செலவு என்று நான் சொல்வது இதைத்தான். பாகப்பிரிவினை முடியாத வீடு, பட்டா யார் பேரில் என்று இன்னும் இழுபறி நடக்கிற வீடு, தம்பி கையெழுத்துப் போடாமல் நிற்கிற வீடு என்றால், சம்பந்தப்பட்ட இரு தரப்பையும் ஒரே சோபாவில் வைத்து இந்தப் படத்தைப் போடாதீர்கள். படம் யாரையும் குற்றம் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்தவர் பக்கம் நின்று அழ வைக்கிறது. பார்க்கிற ஒவ்வொருவரும் விட்டுக்கொடுத்தது தான்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று நீளம். தியேட்டருக்கு வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியது. இழுக்கிறது என்று புகார் கிளம்பியதும் சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். அந்த வெட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஊர்ப் பேச்சு என்றாலே சுற்றி வளைத்துத்தான் வரும். அதை நறுக்கென்று சொல்லச் சொன்னால் பாதி ருசி போய்விடும். ஆனால் கூடத்தில் பார்க்கிறவர்களுக்குக் குறைத்த வடிவமே போதும். அதிலும்கூட ராத்திரி நேரத்தில் இரண்டு பேர் பீர் பாட்டிலோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். பதிமூன்று வயசுப் பையன் "எப்பப்பா கதை ஆரம்பிக்கும்?" என்று கேட்டால் அவனைத் திட்டக்கூடாது. அவனுக்கு விட்டுவந்த ஊர் என்று ஒன்று இன்னும் இல்லை.

யாருக்கு ஏற்றது? பிள்ளைகள் தூங்கியபின் கணவனும் மனைவியும். வேலைக்காக ஊரைவிட்டு வந்து பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற நண்பர்கள் இரண்டு பேர். அம்மாவும் மகனும்கூட. ஐந்து பேருக்கு மேல் போனால் இந்தப் படம் நீர்த்துப்போகிறது.

## மகாராஜா

விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம், நித்திலன் சாமிநாதன் இயக்கம், 2024 ஜூன். சலூன் வைத்திருக்கிற ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, காணாமல்போன லட்சுமியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத் தொட்டி. போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், அவர் நகர மறுக்கிறார். கூடமும் சேர்ந்து சிரிக்கும். பிரச்சினையே அங்கேதான். முதல் பாதியின் சிரிப்பை நம்பிக் குழந்தைகளைக் கூடவே உட்கார வைத்துவிடுவோம். இரண்டாம் பாதியில் படம் போகிற இடம் வேறு. பெண் பிள்ளைக்கு நேர்கிற பாலியல் வன்முறைதான் கதையின் மையம். அதை நேரடியாகக் காட்டாவிட்டாலும், என்ன நடந்தது என்பது அறையில் இருக்கிற எல்லோருக்கும் புரியும். பத்து வயசுப் பெண் பக்கத்தில் இருந்து "என்னாச்சுப்பா?" என்று கேட்டால் சொல்வதற்கு வார்த்தை இருக்காது.

அடுத்தது, கதை சொல்லும் வரிசை. எந்தக் காட்சி எந்த வருஷத்தில் நடக்கிறது என்பதை மறைத்து வைத்துத்தான் படமே நிற்கிறது. காபி போட எழுந்து போனவர் திரும்பி வந்து "இவர் யாரு?" என்பார். பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்வார். சொல்கிற இரண்டு நிமிடத்தில் அவரும் நூலை விட்டுவிடுவார். கொஞ்ச நேரத்தில் கூடமே குழம்பிப்போய், படத்தில் லாஜிக் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடும். தவிர, முன்பே பார்த்த மச்சான் யாராவது இருந்தால் அவரை வெளியே அனுப்பிவிடுவது நல்லது. "இப்ப பாரு, இப்ப பாரு" என்கிற ஆள் இந்தப் படத்துக்கு விஷம்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. ஒரு பெண் பட்ட பாட்டைக் கடைசித் திருப்பத்துக்காக ஒளித்து வைத்துப் பார்வையாளரைத் தூக்கிவாரிப் போட வைப்பது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கைதட்டிய அடுத்த நிமிடமே எதற்குக் கைதட்டினோம் என்று உறுத்துகிறது. அந்த உறுத்தலையும் மீறி மறுபடி பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடிவு தெரிந்து பார்க்கும்போது விஜய் சேதுபதியின் முகத்தில் ஆரம்பத்திலிருந்தே எல்லாம் எழுதியிருக்கிறது. 2024 நவம்பரில் சீனாவில் வெளியாகி அங்கும் ஓடியது. மொழி தெரியாத ஊரிலும் எடுபடுகிற கதைக்கட்டு என்பதில் சந்தேகமில்லை.

நாலு பெரியவர்கள், விளக்கை அணைத்து, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பார்ப்பதென்றால் இந்த ஐந்தில் இதுதான் முதல் தேர்வு. தமிழ் தெரியாத நண்பர் வந்திருந்தாலும் இதையே போடலாம். வில்லனாக வரும் அனுராக் காஷ்யப்பை அவருக்கும் தெரிந்திருக்கும்.

## லப்பர் பந்து

தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். மெய்யழகனுக்கு ஒரு வாரம் முன்னால், 2024 செப்டம்பர் 20-இல் வந்தது. ஊர் மைதானத்தில் ரப்பர் பந்து கிரிக்கெட். வயசாகியும் மட்டையைக் கீழே வைக்காத கெத்து என்கிற பேட்ஸ்மேன் (அட்டகத்தி தினேஷ்). அவரை அவுட்டாக்குவது எப்படி என்று தெரிந்த அன்பு (ஹரிஷ் கல்யாண்). இருவருக்கும் முட்டிக்கொண்டபின்தான், தான் காதலிக்கிற பெண்ணுக்கு அப்பா இந்தக் கெத்துதான் என்று அன்புக்குத் தெரியவருகிறது.

கிரிக்கெட் தெரியாதவர்களுக்குப் பிடிக்குமா என்று கேட்கிறார்கள். எங்கள் பாட்டிக்கு எல்.பி.டபிள்யூ. தெரியாது. மாமனார் மாப்பிள்ளை முறைப்பு தெரியும். அது போதுமாக இருந்தது. கெத்து மட்டையோடு இறங்கும்போது ஒலிக்கிற விஜயகாந்தின் பழைய பாட்டு கூடத்தில் இருக்கிற நாற்பது, ஐம்பது வயசுக்காரர்களை நிமிர்ந்து உட்கார வைத்துவிடும். விஜயகாந்த் மறைந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில் படம் வந்ததால் தியேட்டரில் அந்த இடத்துக்கு எழுந்த சத்தம் வேறு ரகம். இதற்கெல்லாம் மேலே, கெத்துவின் மனைவியாக வரும் ஸ்வாசிகா. டிராக்டர் ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்து நிற்கிற அந்த யசோதையைப் பார்த்து, புருஷன் சீட்டு விளையாடப் போகிற வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒருமுறை புருஷன் பக்கம் திரும்பினார்கள்.

மறைமுகச் செலவு சாதிப் பேச்சு. ஊர் அணியில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதில் சாதி எப்படி உள்ளே நுழைகிறது என்பதைப் படம் கத்தாமல் சொல்கிறது. கத்தாமல் சொல்வதால்தான் கூடத்தில் யாராவது ஒரு பெரியவர் "இப்பல்லாம் யாருப்பா அப்படிப் பாக்குறா?" என்று ஆரம்பிப்பார். கல்லூரிக்குப் போகிற பெண் பதில் சொல்வாள். அந்தச் சண்டை நடக்கட்டும் என்பதுதான் என் கட்சி. வேண்டாம் என்று நினைக்கிறவர்கள், படம் முடிந்ததும் சாப்பாட்டை எடுத்து வைத்துவிடுங்கள்.

## வாழை

மாரி செல்வராஜ் தன் சின்ன வயசை வைத்து எடுத்த படம், 2024 ஆகஸ்ட். பள்ளிக்கூடம் பிடித்த பையன், லீவு நாளில் பிடிக்காத வேலைக்குப் போகிறான்: சேற்றில் இறங்கி, தலையில் வாழைத்தாரோடு வரப்பேறி, லாரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. முன்பணம் வாங்கிய கடன் இருப்பதால் அம்மாவால் அவனை விடவும் முடியாது. ரஜினி ரசிகன் சிவனணைந்தானும் (அந்தப் பையன்தான்) அவன் நண்பன், கமல் ரசிகன் சேகரும் போடுகிற சண்டை, பூங்கொடி டீச்சர் மேல் பையனுக்கு இருக்கிற மயக்கம் என்று முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. அதைப் பார்த்துத்தான் பலர் இதைக் குழந்தைகள் படம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

குழந்தையைப் பற்றிய படம்தான். சின்னக் குழந்தைகளுக்கான படம் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில், தாரோடு தாராகக் கூலியாட்களையும் ஏற்றிப்போன லாரி கவிழ்ந்த உண்மை விபத்தை நோக்கித்தான் கதை நகர்கிறது. இது தெரிந்துகொண்டு உட்காருவதில் தப்பில்லை. பசியில் ஒரு பழத்துக்காக அந்தப் பையன் வாங்குகிற அடியை ஏழு வயசுப் பிள்ளையோடு பார்க்க முடியாது. பன்னிரண்டு, பதிமூன்று வயசு என்றால் கட்டாயம் பார்க்கட்டும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

விருந்து நாளில் போடாதீர்கள். படம் முடிந்தபின் யாருக்கும் சாப்பிடத் தோன்றாது, எல்லோரும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். தனியாகவோ இன்னொருவரோடோ, அடுத்த நாள் வேலை இல்லாத இரவில் பார்க்க வேண்டியது. ஐந்தில் எது பெரிய படம் என்று கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் கேள்வி அது இல்லையே.

## டூரிஸ்ட் ஃபேமிலி

2025 மே 1-இல் வந்தது. இயக்கியவர் அபிஷன் ஜீவிந்த், இவருக்கும் முதல் படம். இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல், அப்பா (சசிகுமார்), அம்மா (சிம்ரன்), இரண்டு பையன்கள் படகேறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து சென்னையில் ஒரு காலனிக்குக் குடிவருகிறார்கள். வீட்டுச் சொந்தக்காரரே போலீஸ்காரர். பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அக்கம்பக்கத்தில் யாரிடமும் பேசக்கூடாது என்று கட்டளை. பேசாமல் இருக்க முடியாத மனுஷன் அந்த அப்பா. சின்னப் பையன் வாயைத் திறக்கும்போதெல்லாம் கூடம் சிரிக்கும்.

இதன் குறை கூடத்துக்கே சாதகம்: எல்லோரும் நல்லவர்கள். முறைக்கிற பக்கத்து வீட்டுக்காரர், குடிக்கிற பையன், கோபக்கார வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராகக் கரைந்துவிடுகிறார்கள். நிஜத்தில் 2022 மார்ச்சிலிருந்து இப்படிப் படகில் தனுஷ்கோடிக் கரைக்கு வந்தவர்களை மண்டபம் அகதிகள் முகாமில் வைத்தார்கள். சென்னையில் வாடகை வீடு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. படம் அந்தப் பக்கம் போகவில்லை. போயிருந்தால் இது வேறு படம், பாட்டியோடு பார்க்கிற படம் இல்லை.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்தவர்கள் உங்கள் கூடத்தில் இருந்தால், சசிகுமார் வாயைத் திறந்ததுமே அவர்கள் காது வேறு வேலை பார்க்க ஆரம்பித்துவிடும். "இப்படி ஆர் கதைக்கினம்?" என்று ஒரு குரல் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதையும் தாண்டிக் கடைசியில் கண் கலங்குவார்கள்; வந்தேறிய ஊரில் வாய்மூடி இருந்த ஞாபகம் அவர்களுக்குத்தான் அதிகம்.

## யார் வீட்டில் எது

மூன்று தலைமுறை ஒன்றாக உட்காருகிற வீட்டுக்கு டூரிஸ்ட் ஃபேமிலி. நேரம் குறைவு, சங்கடம் இல்லை, எழுந்து போய் வந்தாலும் புரியும். அதை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்றால் லப்பர் பந்து. இரண்டுமே ஒரே தளத்துக்கு வந்தவை என்பதால் ஒரு மாதச் சந்தாவில் இரண்டு சாயங்காலம் கழியும். அப்பாவும் மகனும் அதிகம் பேசிக்கொள்ளாத வீடு என்றால் வரிசையை மாற்றி, லப்பர் பந்தை முதலில் போடுங்கள். ஆட்டம் பற்றியாவது நாலு வார்த்தை பேசுவார்கள்.

கூட்டம் கலைந்து, பெரியவர்கள் மட்டும் மிஞ்சிய இரவில் மெய்யழகனா மகாராஜாவா என்றால், மணியைப் பாருங்கள். ஒன்பதுக்குள் உட்கார முடிந்தால் மெய்யழகன். பத்து ஆகிவிட்டால் மகாராஜா. மெய்யழகனின் நிதானம் தூக்கக் கலக்கத்தைத் தாங்காது. மகாராஜா தூங்க விடாது. வாழையை இந்தப் பட்டியலோடு போட்டி போட வைக்காமல், உங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கி வையுங்கள்.

பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறார்கள், பத்திர விவகாரம் இன்னும் முடியவில்லை என்றால் என்ன போடுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். லப்பர் பந்து போடுங்கள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.